மிக்சி ஆண்டாளும் நாலு எலுமிச்சம்பழமும்

வீரமுத்துவுக்கு ஆண்டாள் மேல் ஆறு வருசத்து ஆத்திரம் ஒன்று இருந்தது. அது ஒரு மிக்சியால் வந்தது.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற வீரமுத்து என்றால் தெரியாத விவசாயி கிடையாது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது கருகினாலும் அவன் கடைக்குத்தான் வரும். படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால் கம்பியை விரலில் உருட்டிப் பார்த்தே என்ன கேஜ் என்று சொல்லிவிடுவான். பேச்சு மட்டும் உப்புத்தாள். ஒரு பொருளைப் பார்த்து "தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டான் என்றால் அதன் கதை முடிந்தது. அந்தத் தீர்ப்புக்கு மேல் ஊரில் அப்பீல் கிடையாது.

அப்படித்தான் மளிகைக்கடை சுபைர் பாய் வீட்டு மிக்சிக்கும் தீர்ப்பு எழுதினான். கையில் வாங்கினான், மூக்கில் வைத்து மோந்தான், சாக்பீஸை எடுத்து அதன் நெற்றியில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"உள்ள சுத்துற ஆர்மேச்சரே பூடுச்சி பாய். தூக்கிப் போடுங்க."

நாலாம் நாள் பாய் அதே மிக்சியோடு திரும்பி வந்தார். கடையில் அப்போது மோட்டாருக்காகக் காத்திருந்த விவசாயிகள் ஐந்தாறு பேர். பாய் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளக்கைச் செருகினார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்த மிளகாயை ஜாரில் போட்டுத் திருப்பினார். மிக்சி உறுமிய உறுமலில் மேசை ஆடியது. அப்புறம் மூடியைத் திறந்தார் பாருங்கள், கடை முழுக்கத் தும்மல். விவசாயிகள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டார்கள். வீரமுத்துவுக்குக் கண், மூக்கு எல்லாம் தண்ணி.

"யாரு... யாரு பாய் பாத்தது?"

"ஏமப்பேர்ல ஒரு பொண்ணுப்பா. ஆண்டாளுன்னு பேரு. கால் ரெண்டும் வராது அதுக்கு. தரையில உக்காந்துகினே பிரிச்சி மாட்டிச்சி. ஆர்மேச்சர் நல்லாத்தான் இருக்குதாம், அதை ஒரசினு இருக்கிற கார்பன் கட்டைதான் தேஞ்சிருந்துதாம். நீ போட்ட பெருக்கலைத் தொடைக்கட்டுமான்னு கேட்டேன். ‘அண்ணா கைப்பட போட்டது, இருக்கட்டும்’னு சொல்லிடுச்சி."

தும்மல் அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. அந்த ‘இருக்கட்டும்’ மட்டும் ஆறு வருசமாகத் தொண்டையில் கிடந்தது.

ஆண்டாளுக்கு இப்போது நாற்பது வயசு. அப்பா செல்லமுத்து தியாகதுருகம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துக் கரும்பு வைத்தவர். ரெண்டு வயசில் வந்த காய்ச்சல் பிள்ளையின் கால்கள் ரெண்டையும் வாங்கிக்கொண்டு போனது. செல்லமுத்து பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார், சாயங்காலம் போய்த் தூக்கி வருவார். எட்டாவது வரைக்கும் அப்படித்தான். ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன், "இன்னா செல்லமுத்து, இன்னும் எத்தினி வருசத்துக்கு இந்த மூட்டையைத் தூக்கினு அலைவ?" என்று கேட்டுவிட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். செல்லமுத்துவும் சிரித்தார். தோளில் இருந்தவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இறக்கி விட்டதும், "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்து, நாலு பால்பேரிங் மாட்டிக் கொடுத்தார் அப்பா. கையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையை உந்தி உந்திப் போவாள். வீட்டில் ஓடாமல் கிடந்த எமர்ஜென்சி லைட் ஒன்றைத்தான் முதலில் பிரித்தாள். அப்புறம் டேபிள் ஃபேன். அப்புறம் ஒரு மிக்சி. அதன் காயிலை ஒரு சுத்து, ரெண்டு சுத்து என்று எண்ணிக்கொண்டே பிரித்து, எண்ணிக்கையை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அதே மாதிரி திரும்பச் சுற்றினாள். பதினோரு தரம் புகைந்தது. பன்னிரண்டாம் தரம் ஓடியது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பா காலமானதும் அம்மா ராணியம்மாளோடு ஏமப்பேருக்குக் குடி வந்தாள். கடைக்குப் போய் ஆம்பளைகளிடம் பேச்சு வாங்கப் பிடிக்காத பொம்பளைகள் எல்லாம் இவள் வீட்டு வாசலில் மிக்சியோடு நின்றார்கள். ‘மிக்சி ஆண்டாள்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் தியாகதுருகத்து நிலக்காரர் ஒருவரின் மகன் சிவசங்கர், பெங்களூரில் வேலை செய்கிறவன், லீவில் வந்தபோது வீரமுத்து கடைக்கு ஒரு பலகையோடு வந்தான். மூணடி நீளம். அடியில் நாலு ரப்பர் சக்கரம். பின்சக்கரம் ரெண்டுக்கும் உள்ளேயே மோட்டார். வயிற்றில் பேட்டரி. கையில் பிடிக்க ஒரு ரிமோட்.

"எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு அண்ணா. மேல நின்னுகினு ஓட்டணும். ஆறு மாசம் பரண்ல கெடந்துது, இப்ப சார்ஜ் ஏறலை."

வீரமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது போறதுக்கா, வுழறதுக்கா?"

"பாக்க முடியுமா, முடியாதா?"

"ஏமப்பேர்ல ஒரு விஞ்ஞானி இருக்குது. செத்ததையெல்லாம் எழுப்பிடுமாம். அங்க தூக்கினு போ."

குத்தலாகத்தான் சொன்னான். பையன் நிஜம் என்று நினைத்துப் போய்விட்டான். ஆண்டாள் பேட்டரியைப் பிரித்தாள். உள்ளே வரிசையாகப் பத்து செல். ஒவ்வொன்றாக மீட்டரை வைத்தாள். எட்டில் உயிர் இருந்தது, ரெண்டில் இல்லை. "ரெண்டை மட்டும் மாத்தினா பழசும் புதுசும் சண்டை போட்டுக்கும். பத்தையும் மாத்தணும்" என்றாள். சிவசங்கர் முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களே வெச்சிக்குங்கக்கா. எனக்கு இது வேணாம்" என்று விட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரம் துருகம் ரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பலகையின் மேல் ஒரு மெத்தைத் துண்டு, அதன் மேல் ஆண்டாள், வலது கையில் ரிமோட். வளைவு வந்தால் உடம்பை லேசாகச் சாய்க்கிறாள், வண்டி திரும்புகிறது. வீரமுத்து கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்கதான் அனுப்பி வெச்சீங்களாமே. நல்லா ஓடுதுண்ணா."

"லாரி வர்ற ரோடு. ஓரமா போ" என்றான் வீரமுத்து.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெட்ரோல் பங்க் தாண்டி அவள் மறைகிற வரைக்கும் அவன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்த ஒரு விவசாயி, "இன்னா வீரமுத்து, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றார். "உன் மோட்டார்தான் சுளுக்கினு கெடக்குது, போய்யா" என்று உள்ளே போனான்.

அதற்கப்புறம் மிக்சி வந்தால் ஏமப்பேருக்கு அனுப்ப ஆரம்பித்தான். ஏமப்பேரிலிருந்து மோட்டார்கள் வர ஆரம்பித்தன. "மோட்டார்னா துருகம் ரோடு அண்ணாதான், அவரு கை யாருக்கும் வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி" என்று கொண்டுவந்தவர்கள் சொல்வார்கள். காதில் விழாத மாதிரி இருப்பான். ஆனால் அந்த மோட்டாருக்கு மட்டும் வார்னிஷ் ரெண்டு தடவை அடிப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வெள்ளிமலையில் ஒரு தொண்டு அமைப்பு. மலை ஊர்களின் மகளிர் குழுப் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்க்க மூன்று மாசம், திங்கட்கிழமைதோறும் பயிற்சி. கற்றுக்கொடுக்கப் பெண்தான் வேண்டும் என்று விசாரித்ததில் ஆண்டாள் பெயர் வந்தது. முதல் திங்கட்கிழமை அவர்களே ஜீப் அனுப்பினார்கள். பலகையை ஏற்றப் போனபோது டிரைவர், "இது எதுக்குக்கா, அங்க தூக்கி வெக்க ஆளுங்க இருக்குது" என்று தடுத்துவிட்டார். அவளும் முதல் நாளே வம்பு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அதுதான் தப்பாகப் போனது. பெரிய சிமெண்ட் தரை ஹால். பாய் விரித்து இருபத்திரண்டு பெண்கள் நாலு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், ரெண்டு பெண்கள் வந்து அவளைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவார்கள். மத்தியானத்துக்குள் ஏழு தரம். சாப்பாட்டு நேரத்தில், பயிற்சியைப் பார்த்துக்கொள்கிற ரம்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்தி, "உங்களைப் பாத்தா பாவமா இருக்குதுக்கா. எதுக்கு இந்தக் கஷ்டம்? நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்" என்றாள்.

ஆண்டாள் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தாள். "அடுத்த திங்கக்கெழமை ஒரு நாள் குடும்மா. என் வண்டியோட வர்றேன். அன்னிக்கு ஒரு தரம் என்னை யாராச்சும் தூக்க வேண்டி வந்தாலும், நானே வேணாம்னு போயிடறேன்."

விஷயம் சுபைர் பாய் வழியாகத் துருகம் ரோட்டுக்கு வந்தது. வீரமுத்து கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் போட்டான்.

"பாவமாமா? யாரைப் பாத்து பாவம்ங்கறாங்க? இந்தக் கடையில நின்னுகினு இருந்த அத்தினி பேரையும் தும்ம வெச்சவ பாய் அவ!"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "ஆறு வருசமா அதைச் சொல்லித்தானே அவளைத் திட்டினு இருந்த?"

"அது வேற. அது எனக்கும் அவளுக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வீரமுத்து ஆள் அனுப்பி, வண்டியோடு வரச் சொன்னான். ஆண்டாள் அவன் கடைக்குள் வந்தது அன்றுதான் முதல் தரம். மெஷின்களுக்குப் பொட்டு வைத்த சந்தனத்தில் மிச்சம் இருந்ததை எல்லாம் பலகைக்கு அப்பினான். குங்குமம் வைத்தான். நாலு எலுமிச்சம்பழம் எடுத்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தான்.

லாரி என்றால் பழம் நசுங்குவது லாரிக்கே தெரியாது. இது உள்ளங்கை அகலச் சக்கரம். பழத்தில் முட்டிக்கொண்டு ஏற மாட்டேன் என்றது.

"அண்ணா, பாதியா அறுத்து வெச்சிடுங்களேன்."

"சாமி காரியத்துல பாதி கீதி கெடையாது. நீ கெட்டியா புடிச்சிக்கோ."

பின்னால் நின்று ரெண்டு கையாலும் ஒரே தள்ளு. முன்சக்கரப் பழங்கள் பக்கவாட்டில் தெறித்து ஓடின. பின்சக்கரப் பழங்கள் உள்பக்கமாக நழுவி, சக்கரத்துக்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவில் மாட்டிப் ‘பச்சக்’ என்று வெடித்தன. "ஆச்சி! கண்ணு பட்டதெல்லாம் கழிஞ்சிது!" என்று சத்தம் போட்டான் வீரமுத்து. அதோடு விட்டானா? ஒரு சொம்பு மஞ்சள் தண்ணியை எடுத்துச் சக்கரத்தின் மேல் சாய்த்தான்.

"அண்ணா, போதும்ணா. இது பம்பு செட்டு இல்ல."

"குளுருட்டும் வுடு."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ராணியம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். "வண்டி நேத்தே ஒதறிச்சிப்பா. இன்னிக்கு நின்னே பூடுச்சி. நாளைக்கு மலைக்குப் போவணும். பொண்ணு சோறு துண்ணலை."

வீரமுத்து பாதி கட்டிய காயிலை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்தான்.

ஆண்டாள் வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு எதுவும் கைக்கு எட்டவில்லை. சுவிட்சுப் பெட்டி முழங்கால் உயரத்தில். ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன், சாமி படம், அடுப்பு, எல்லாம் இடுப்புக்குக் கீழே. நிற்கிற ஆளுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை. உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் எல்லாம் சரியான இடத்தில் இருந்தது.

பலகை கவிழ்ந்து கிடந்தது. அவள் ரிமோட்டை அழுத்தினாள். இடது பின்சக்கரம் சுற்றியது. வலது பின்சக்கரம் குளிரில் நிற்கிற நாய்க்குட்டி மாதிரி உதறிக்கொண்டு நின்றது. விரலால் ஒரு தள்ளு கொடுத்தால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடி உதறியது.

"காயில் பூடுச்சி" என்றான் வீரமுத்து. சொல்லும்போதே அவனுக்குள் ஒரு சந்தோசம். காயில் என்றால் அவன் தொழில். "பிரி. சாயங்காலத்துக்குள்ள கட்டிக் குடுத்துடறேன்."

"இருங்கண்ணா. முதல்ல பேட்டரியைப் பாத்துடலாம்."

மீட்டர் வைத்தாள். நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சக்கரத்தை ஓடவிட்டும் பார்த்தாள், இறங்கவில்லை. பேட்டரி இல்லை. அப்புறம் பலகையின் வயிற்றைத் திறந்து, மோட்டார்களுக்குக் கரண்டை அளந்து அனுப்புகிற கன்ட்ரோலர் பெட்டியில் இடது மோட்டார் பிளக்கை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிச் செருகினாள். அப்போதும் உதறியது அதே வலது சக்கரம்தான்.

"பெட்டி மேல தப்பு இருந்தா இப்ப இடது பக்கம் ஒதறணும். ஒதறலை. நோவு சக்கரத்துக்குள்ளதான்."

"அதைத்தான நானும் சொன்னேன். காயில்."

அவள் மோட்டாரின் மூணு தடிமனான ஒயர்களில் ரெண்டு ரெண்டாக முறுக்கி, "சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க" என்றாள். சுற்றினான். மாவாட்டுகிற மாதிரி கனமாக வந்தது. வேறு ரெண்டு, அதே கனம். மூணாவது ஜோடியும் அதே கனம். காயில் எரிந்திருந்தால் இப்படி வராது என்பது அவனுக்கே தெரியும். முகம் தொங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது" என்று முனகினான். "அப்போ இன்னா எழவுதான் அது?"

"உள்ள மூணு சென்சார் இருக்குதுண்ணா. உளுத்தம்பருப்பு அளவுதான். காந்தம் எங்க வருதுன்னு அதுங்கதான் கன்ட்ரோலருக்குச் சொல்லும். தேர் இழுக்கும்போது வடம் புடிக்கறவனுக்கு முன்னால நின்னுகினு ‘இழு, வுடு’ன்னு குரல் குடுப்பாங்க இல்ல? அந்த மாதிரி மூணு பேரு. ஒருத்தன் வாயை மூடிட்டான்னு வையுங்க, தேர் ஆடினு நிக்கும்."

சென்சார்களின் மெலிசான ஒயர்களில் மீட்டரை வைத்தாள். வீரமுத்து சக்கரத்தை மெதுவாக உருட்டினான். மஞ்சள் ஒயரில் அஞ்சு, பூஜ்யம், அஞ்சு, பூஜ்யம் என்று முள் ஏறி இறங்கியது. பச்சையும் அப்படியே. நீலம் மட்டும் அஞ்சிலேயே மரம் மாதிரி நின்றது.

"தொ, இவன்தான்."

சக்கரத்தைப் பிரிக்க வீரமுத்துவின் தோள் தேவைப்பட்டது. உள்ளே காந்தம் இழுக்கிற இழுப்பு அப்படி. ரெண்டு தரம் விரலை நசுக்கிக்கொண்டான். மூணாவது தரம் ‘டப்’ என்று கழன்று வந்தது. வீடு முழுக்க ஒரு வாசனை. மோட்டார் பிரித்தால் வார்னிஷ் வாசனை வரும், கருகின வாசனை வரும். இது ரெண்டும் இல்லை. இது ஊறுகாய் வாசனை.

ஒயர் உள்ளே போகிற ஓட்டையில் ரப்பர் கிழிந்திருந்தது. அந்த வழியாக மஞ்சளாக ஏதோ இறங்கி, காய்ந்து, நீல ஒயர் சென்சாரின் காலைப் பச்சை பூத்து அரித்திருந்தது. ஆண்டாள் ஊசியால் அந்த ஓட்டையைக் கிண்டினாள். ஒரு விதை வந்தது. அதை விரல் நுனியில் வைத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணா, இது எந்தக் கோயில் பிரசாதம்?"

வீரமுத்து அந்த எலுமிச்சை விதையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வருசத்தில் அவன் எத்தனையோ மோட்டாரை ஒழுங்காக்கியிருக்கிறான். ஒரு மோட்டாரைக்கூடக் கெடுத்ததில்லை. கெடுத்ததும் கெடுத்தான், எதைப் போய்! மிக்சியை எழுப்பிவிட்டாள் என்று ஆறு வருசம் கருவிக்கொண்டிருந்தவன், அவள் காலாக இருந்த ஒன்றில் எலுமிச்சம்பழச் சாற்றை ஊற்றிவிட்டு "கண்ணு கழிஞ்சிது" என்று கத்தியிருக்கிறான்.

"நான்தாம்மா" என்றான். "முட்டாப் பய நானு. நீ அப்பவே சொன்ன."

"அட வுடுங்கண்ணா. நீங்க நல்லா இருக்கணும்னுதான ஊத்தினீங்க. கெட்டுப் போவணும்னு நெனைக்கறவங்க எனக்கு வேற ஆளுங்க இருக்காங்க." அவள் சிரித்தாள். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த ராணியம்மாளும் சிரித்துவிட்டாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. சென்சாருக்கு எங்க போறது? அதைச் சொல்லுங்க."

சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எவனோ ஒருவன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒரு வருசமாகத் திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள்ளேயும் இதே மூணு பேர் இருக்க வேண்டுமே! தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தான். அரை மணி நேரத்தில் அந்தச் சக்கரத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். அவன் பிரித்தான். அவள் மூணில் ஒன்றைப் பேர்த்தெடுத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அரிபட்டதைக் களைந்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினாள். தையல் நூல் மாதிரி மெலிசான ஒயர். மூச்சையே அடக்கிக்கொண்டு பற்ற வைத்தாள். வீரமுத்துவும் மூச்சை அடக்கிக்கொண்டான்.

மாட்டினார்கள். ரிமோட்டை அழுத்தினாள்.

சக்கரம் உதறியது.

ஆண்டாள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. "போன் பண்ணி வரலைன்னு சொல்லிடவா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்குப் போன்? ஒரு போனும் கெடையாது" என்று வீரமுத்து மறுபடி சக்கரத்தைப் பிரித்தான். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திருப்பிவைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காயில் காயிலாகப் பார்த்தான். கம்பி சுற்றின ஒரு ஸ்டேட்டரை வெறும் கண்ணால் மேய்வது அவனுக்குப் பழக்கம். முப்பத்தாறு பல்லில் ஒரு பல்லில் கம்பி தலைகீழாகப் போயிருந்தால் கண்ணில் குத்தும். இப்போதும் ஏதோ குத்தியது.

"ஏம்மா, இந்த ரெண்டு பேரும் மல்லாக்கப் படுத்துனு இருக்கானுங்க. எழுத்து மேல தெரியுது. நீ வெச்சவன் மட்டும் குப்புறப் படுத்துனு இருக்கானே?"

ஆண்டாள் எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! அவசரத்துல புரட்டி ஒட்டிட்டேன். வடக்கைத் தெக்குன்னு சொல்லினு இருக்கிறான்."

புரட்டி ஒட்டினாள். இந்த முறை அழுத்தியதும் ரெண்டு சக்கரமும் ஒரே சுருதியில் ‘ஸ்ஸ்’ என்று சுற்றின. அந்தச் சத்தத்தை ராணியம்மாள் கையில் டீயோடு நின்று கேட்டாள். கிழிந்த ரப்பருக்கு மேல் சிலிக்கான் பசையை ஆண்டாள் கனமாக அப்பினாள். "உங்க கண்ணு மீட்டரை வுட நல்லா வேலை செய்யுதுண்ணா" என்றாள். கோயில் மரியாதையில் பரிவட்டம் கட்டின மாதிரி இருந்தது வீரமுத்துவுக்கு. முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டான்.

நாலு மணிக்குத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். வேகத்தடையில் ஏறி இறங்கினாள். மூணு தரம் போய் வந்தாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, "நாளைக்கு மலைமேல ரேஸா ஆண்டாளு?" என்று கேட்டாள். "ஆமா. ஜெயிச்சா உனக்குத் தேன் வாங்கினு வர்றேன்" என்று இவள் பதில் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினார்கள். வீரமுத்து கடையை மூடிவிட்டு வந்திருந்தான். "நீங்க எதுக்குண்ணா?" என்றதற்கு, "பலகையைத் தூக்க ஆள் வேணாமா? பலகையைத்தான் சொல்றேன்" என்றான். அவள் பஸ் படியைக் கையால் பிடித்து, உடம்பை எக்கி எக்கித் தானே ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் பலகையைப் பார்த்து, "இதுக்கு லக்கேஜா, டிக்கெட்டா?" என்றார்.

"அது என் காலு" என்றாள் ஆண்டாள். "காலுக்குத் தனியா டிக்கெட் போடுவீங்களா?"

கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டு பின்னால் போய்விட்டார். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது, வீரமுத்து பலகையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். எங்கேயாவது ஒரு சொட்டுத் தண்ணி பட்டுவிடுமோ என்று ஜன்னலை மூடிவிட்டான்.

ஹால் வாசலில் ரம்யா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போன வாரம் தூக்கிய அதே ரெண்டு பெண்கள். அவர்கள் முன்னால் வந்ததும் ஆண்டாள் கையை உயர்த்தினாள், அவ்வளவுதான். வீரமுத்து பலகையைத் தரையில் வைத்தான். அவள் ஹால் படிகளில் தானே எக்கி ஏறி, நகர்ந்து அதன் மேல் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, ரிமோட்டை அழுத்தினாள்.

சத்தமே இல்லை. சிமெண்ட் தரையில் தண்ணி ஓடுகிற மாதிரி போனாள். முதல் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாள், ஒரு பெண் கையிலிருந்த மிக்சியை வாங்கிப் பார்த்தாள், "கார்பனைப் பாரு முதல்ல, மத்ததெல்லாம் அப்பறம்" என்றாள். சாய்ந்தாள், திரும்பினாள், ரெண்டாவது கூட்டம். அங்கிருந்து மூணாவது. கடைசிக் கூட்டத்தில் ஒரு வயசான மலைக்காரப் பெண்மணி, "ஏ ஆத்தா, எனக்கும் முட்டி வலி, இந்த மாதிரி ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்க, ஹால் முழுக்கச் சிரிப்பு. ரம்யாவும் சிரித்தாள். கையிலிருந்த நோட்டைத் திறந்து, பயிற்றுநர் என்று இருந்த கட்டத்தில் என்னவோ எழுதினாள். தூக்க வந்த ரெண்டு பெண்களும் தங்கள் பாயில் போய் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

வீரமுத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உள்ளே இருக்கிற இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு, இவள் மிக்சியை எழுப்பினது, பதினோரு தரம் புகைந்தது, பன்னிரண்டாம் தரம் ஓடினது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போல இருந்தது. மத்தியானம் வரைக்கும் நின்றிருப்பான். சாயங்காலம் வரைக்கும்கூட நின்றிருப்பான்.

ஆண்டாள் அவனைப் பார்த்தாள். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நேராக வாசலுக்கு ஓட்டிவந்து, அவன் காலருகில் நிறுத்தினாள். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்குது. அதுல கெளம்பிடுங்க. நீங்க வாசல்லயே நின்னுகினு இருந்தா, தூக்கறதுக்கு ஆள் கூட்டினு வந்திருக்கேன்னு நெனைப்பாங்க."